அக்னி வெயிலில் வளர்ந்த பிள்ளைக்குக் குளிரில் கால்விரல் வீங்குமா?

சத்துவாச்சாரி அம்மா (ஜூலை 6)

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் மெல்போர்னில் முதுகலை படிக்கிறாள், பிப்ரவரியில்தான் போனாள். இப்போது அங்கே குளிர்காலம். போன வாரம் வீடியோ காலில் காலைக் காட்டினாள். இரண்டு காலிலும் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் வீங்கி, மினுமினுவென்று, சில இடத்தில் நாவல் பழ நிறத்தில் இருக்கின்றன. பகலில் வலிக்கிறதாம். ராத்திரி போர்வைக்குள் கால் சூடு ஏறியதும் அரிப்பும் எரிச்சலும் தாங்க முடியவில்லையாம், மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. சேற்றுப்புண்ணாக இருக்கும் என்று நினைத்து, வெந்நீரில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நல்ல சூட்டில் காலை ஊற வை என்று நான்தான் சொன்னேன். ஊற வைத்த அன்றைக்கு ராத்திரி அழுதுகொண்டே போன் செய்தாள். அதிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது.

பனி விழுகிற ஊராக இருந்தால் புரியும். அந்த ஊரில் பனியே விழுவதில்லை. ஆஸ்திரேலியா வெயில் நாடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அதனால் இரண்டே இரண்டு ஸ்வெட்டர்தான் வாங்கிக் கொடுத்தோம். மதியம் வெளியே 14 டிகிரி இருக்கிறது, ஆனால் காலையில் அவள் அறைக்குள் 10 காட்டுகிறதாம், உட்கார்ந்து படிக்கும்போது மூச்சு புகையாகத் தெரிகிறதாம். வீட்டுக்கு உள்ளே வெளியைவிடக் குளிருமா? நம் ஊரில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு இப்படி வருமா? யாருக்காவது தெரிந்தால் தயவு செய்து சொல்லுங்கள்.

குடியாத்தம் தம்பி

அக்கா, இது சேற்றுப்புண் மாதிரி தெரியவில்லை. சேற்றுப்புண் விரல் இடுக்கில் வரும், தோல் வெள்ளையாக ஊறி உரியும், வாடை வரும். நீங்கள் சொல்வது விரலின் மேல் பக்கமும் ஓரமும். எங்கள் பாட்டி இருந்தால் வாதநீர் என்று சொல்லி வேப்பெண்ணெய் தேய்த்திருப்பார்கள். தேய்க்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ராணிப்பேட்டை நர்ஸ், இப்போது நியூசிலாந்தில்

அம்மா, முதலில் பயப்படாதீர்கள். நீங்கள் சொல்வது அப்படியே சில்பிளெயின். டாக்டர்கள் பெர்னியோ என்பார்கள். இது பனிக்கடி இல்லை. பனிக்கடி என்றால் சதையே உறைந்துபோவது, அதற்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டும். சில்பிளெயினுக்கு உறைய வேண்டிய அவசியமே இல்லை. பூஜ்ஜியத்துக்கும் 15 டிகிரிக்கும் நடுவில் இருக்கிற ஈரமான குளிரே போதும், உங்கள் மகளின் அறை அதற்குள்தான் இருக்கிறது.

நடப்பது இதுதான். குளிர் பட்டதும் விரல் நுனியில் இருக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அது எல்லோருக்கும் நடக்கும். சிலருக்கு அவை மறுபடி ஒழுங்காக விரிவதில்லை. அந்த நேரத்தில் விரலைச் சட்டென்று சூடாக்கினால் ரத்தம் ஒரேயடியாகப் பாய்கிறது, இடம் கொடுக்க முடியாமல் நீர் வெளியே கசிந்து சுற்றுத் தசை வீங்குகிறது. அதுதான் அந்த அரிப்பும் எரிச்சலும். சுடுநீரில் காலை வைத்ததும் அதிகமானது இதனால்தான். நீங்கள் பெற்ற பாசத்தில் சொன்னீர்கள், நானே முதல் வருடம் ஹீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள்.

எனக்கு வந்தபோது கூட வேலை செய்கிறவர்களே கண்டுபிடிக்கவில்லை. புத்தகத்தில் இருக்கிற படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்பாக இருப்பவை. நம் தோலில் அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, கருநீலமாக, ஊதாவாக, சில நேரம் வெறும் கறுப்புத் தடிப்பாகத் தெரியும். நாவல் பழம் என்று நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. மகள் அங்கே டாக்டரிடம் போகும்போது, பழைய நிறம் எப்படி இருந்தது என்று வீங்காத விரலையும் காட்டச் சொல்லுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: சொறியக் கூடாது, தோல் கிழிந்தால் புண்ணாகிவிடும். குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில் போதும். வெந்நீர்ப்பையை நேராகக் காலில் வைக்க வேண்டாம். படுக்கப் போவதற்கு அரை மணி முன்னால் அதைப் படுக்கையில் போட்டு வைத்து, ஏறும்போது எடுத்துவிடலாம். விரலை மட்டும் காப்பாற்றினால் போதாது, உடம்பு நடுப்பகுதி சூடாக இருந்தால்தான் உடம்பு விரலுக்கு ரத்தம் அனுப்பும். ஆகவே பனியன், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் கம்பளி என்று அடுக்காகப் போட வேண்டும். தலைக்குத் தொப்பி. இறுக்கமான ஷூ வேண்டாம். சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில் தானாக இறங்கிவிடும், ஆனால் அறை அதே 10 டிகிரியில் இருந்தால் ஆறுவதற்குள் அடுத்தது வரும்.

கம்மவான்பேட்டை

நர்ஸ் சிஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள், அப்பா, சித்தப்பா, நான், இப்போது என் மகன் என்று பட்டாளத்தில் இருந்த குடும்பம். லடாக்கில் லே பக்கம் இரண்டு குளிர்காலம் இருந்தேன். மைனஸில் வேலை செய்த நாட்களில் எனக்கு ஒன்றும் வரவில்லை. ரோந்து முடிந்து பங்கருக்கு வந்து, கையுறையைக் கழற்றி, விறைத்த கையை அப்படியே புகாரி என்கிற, அறையைச் சூடாக்கும் அடுப்புக்கு நேராக நீட்டிய அன்றுதான் வந்தது. சீனியர் ஒருவர் கையைத் தட்டிவிட்டார். முதலில் அக்குளில் வை, பத்து நிமிடம் கழித்து அடுப்புக்குப் போ என்றார்.

காலுக்கு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன் அக்கா. உள்ளே மெல்லிய சாக்ஸ், மேலே கம்பளி சாக்ஸ். இரண்டும் போட்ட பிறகு ஷூவுக்குள் விரல் ஆட வேண்டும், ஆடவில்லை என்றால் ஒரு சாக்ஸைக் கழற்று, இல்லை என்றால் பெரிய ஷூ வாங்கு. இறுக்கிய கம்பளியைவிடத் தளர்ந்த பருத்தியே மேல், ஆனால் வியர்த்த பருத்தி ஆகவே ஆகாது. சாக்ஸ் ஈரமானால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். ராத்திரி ஈர சாக்ஸை வயிற்றோடு சேர்த்து உடைக்குள் வைத்துக் காய வைப்போம். ஒவ்வொரு நாளும் காலை எடுத்துப் பார்ப்பது கட்டாயம், கூச்சப்பட்டு மறைத்தவன்தான் கஷ்டப்பட்டான்.

இன்னொன்று. பங்கரில் தரை மரப்பலகை. ஓய்வு பெற்று மார்கழியில் ஊருக்கு வந்து எங்கள் வீட்டுக் கடப்பாக்கல் தரையில் வெறுங்காலோடு நின்றபோது, லேயில் பங்கருக்குள் இல்லாத சில்லிப்பு காலில் ஏறியது. அன்றைக்கு அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திருவலம்

இதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்தது. 68 வயது, ஒல்லி உடம்பு. போன மார்கழி முழுக்க விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வாசல் தெளித்து, வெறுங்காலோடு ஈரத்தில் உட்கார்ந்து கோலம் போட்டார். தை பிறந்தபோது கால்விரல்கள் இதே மாதிரி ஊதா நிறத்தில் வீங்கின. மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள், மாசியில் சரியாயிற்று. அப்படியானால் வேலூரிலேயே இது வருமா?

காட்பாடி தோல் மருத்துவர்

வரலாம், ஆனால் நம் சமவெளியில் அது வந்தால் நான் சும்மா விடமாட்டேன், ஏன் வந்தது என்று தேடுவேன். மார்கழி விடியலில் இங்கே 18, 17 என்று இறங்கும், சில வருடம் அதற்கும் கீழே. ஈரத்தரை, வெறுங்கால், ஒல்லியான உடம்பு, வயது எல்லாம் சேர்ந்தால் அந்த அளவு குளிரே சிலருக்குப் போதும். எடை குறைவாக இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் இது அதிகம். ஆனால் குளிர் குறைவான ஊரில் சில்பிளெயின் வருகிறது என்றால், உள்ளே வேறு ஏதாவது நோய் இருந்து அதன் அடையாளமாக வருகிறதா என்று பார்ப்பது அவசியம். முக்கியமாக லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிற நோய். மூட்டுவலி, வாய்ப்புண், வழக்கத்தைவிட அதிகமாக முடி கொட்டுவது, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு இவற்றில் ஏதாவது இருந்தாலும், சித்திரை வெயிலிலும் விரல் தடிப்பு போகாமல் இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்க உதவுகிற ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

விரல் முதலில் காகிதம் போல் வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவந்து, ஒரு மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிட்டால் அது ரேனாட் என்கிற வேறு பிரச்சினை. சில்பிளெயின் நாள்கணக்கில் நிற்கும். 2020ல் கொரோனா நேரத்தில் இளைஞர்கள் பலருக்குக் கால்விரலில் இதே மாதிரி வந்ததும் நினைவிருக்கலாம்.

மருந்துக் கடைக் களிம்பு பற்றி: ஸ்டீராய்டு களிம்பு சில்பிளெயினுக்குச் சில நாள் உதவலாம், ஆனால் அது உண்மையில் படர்தாமரையாகவோ சேற்றுப்புண்ணாகவோ இருந்தால் அதே களிம்பு அதை வளர்த்துவிடும். அதனால் பார்க்காமல் வாங்கிப் பூச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விடாமல் வருகிறவர்களுக்கு நிஃபெடிபின் என்ற மாத்திரை தருவோம், ரத்தக்குழாயை விரிக்கும். அது ரத்த அழுத்த மாத்திரை, தலைசுற்றல் வரும், டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது.

சர்க்கரை இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கால் மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது. வெந்நீரில் காலை வைத்து, வெந்து கொப்புளித்த பிறகே தெரிந்துகொண்டு வந்தவர்களை நான் ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், காலால் பார்க்காதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு விரல் கறுத்தால் அதைக் குளிர் என்று நினைத்து நாள் கடத்தவே கூடாது, ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கலாம், அன்றைக்கே வர வேண்டும்.

திருவலம்

நன்றி டாக்டர். அம்மாவுக்கு மூட்டுவலி இருக்கிறது, வயசு என்று விட்டுவிட்டோம். இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.

ஆம்பூர் ஷூ

நான் தோல் வியாபாரம். ஷூ அடிப்பாகம் வாங்க ஜனவரியில் சீனாவில் வென்சோவுக்குப் போவேன், அதுவும் நம் ஆம்பூர் மாதிரி ஷூ ஊர்தான். அந்த மாதத்தில் அங்கே சராசரி 8 டிகிரி அளவில் இருக்கும். பெய்ஜிங்கில் மைனஸ். ஆனால் பெய்ஜிங்கில் வீட்டுக்குள் சட்டையோடு உட்காரலாம், வென்சோ ஆபீஸில் எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டே டைப் அடிக்கிறார்கள். காரணம் கேட்டால், சின்லிங் மலையிலிருந்து ஹுவாய் ஆறு வரை ஒரு கோடு போட்டு, அதற்கு வடக்கே இருக்கிற ஊர்களுக்கு மட்டும் அரசாங்கமே குழாயில் வெப்பம் கொடுப்பது என்று 1950களில் முடிவு செய்தார்களாம். தெற்கே வெயில் பூமி என்று கணக்கு. அந்தத் தெற்கில்தான் தொழிலாளிப் பெண்கள் கைவிரல் வீங்கி வேலை செய்வதைப் பார்த்தேன். ஒருவர் என்னிடம் கையைக் காட்டி, குளிர்காலம் வந்தால் எங்களுக்கு இது வழக்கம் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். வழக்கம் என்று அவர் சொன்ன விதம் மனசை விட்டுப் போகவில்லை.

ஆற்காடு கட்டடக்காரர்

முப்பது வருடமாக வீடு கட்டுகிறேன். சத்துவாச்சாரி அம்மா கேட்ட கேள்விக்கு, அதாவது வீட்டுக்கு உள்ளே வெளியைவிடக் குளிருமா என்பதற்கு, என் தொழிலிலிருந்து பதில் சொல்கிறேன். குளிரும். நாம் வீட்டை எதற்காகக் கட்டுகிறோம்? வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கு. கூரையை உயர்த்துகிறோம், ஜன்னலுக்கு மேல் மூடவே முடியாத காற்றுத்துளை விடுகிறோம், சன்ஷேடு இழுத்து வெயிலை மறைக்கிறோம், மேலே தட்டோடு பதிக்கிறோம், கீழே கிரானைட்டோ டைல்ஸோ போடுகிறோம். கோடை ஒன்பது மாதத்துக்கு இவை எல்லாமே சரி. குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் எதிராகத் திரும்பும். உள்ளே இருக்கிற சூடு காற்றுத்துளை வழியாகப் போய்விடும், மறைத்த வெயில் உள்ளே வராது, கனமான சுவர் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து, பகல் பத்து மணிக்கு வெளியே இதமாக ஆன பிறகும் சில்லென்று நிற்கும். கிரானைட் மரத்தைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தரையும் பலகையும் ஒரே டிகிரியில் இருந்தாலும் கல் காலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்மவான்பேட்டை அண்ணாவுக்குக் கடப்பாக்கல்லில் ஏறிய சில்லிப்பு இதுதான்.

நமக்கு அந்தக் கஷ்டம் ஒன்றரை மாதம், பொறுத்துக்கொள்கிறோம். மெல்போர்னில் நாலைந்து மாதம். என் தம்பி மகன் அங்கே கட்டட வேலையில் இருக்கிறான், அவன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த மாநிலத்தில் புது வீடுகளுக்கு இன்சுலேஷன், அதாவது கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் கண்ணாடிப் பஞ்சு வைப்பது, கட்டாயமானதே 1991ல்தானாம். அதற்கு முன்னால் கட்டியவை பல, மெல்லிய பலகைச் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தரைக்குக் கீழே காற்று ஓடுகிற இடைவெளி. மாணவர்களுக்கு வாடகைக்குக் கிடைப்பது அந்தப் பழைய வீடுகள்தான். வெயில் நாடு என்று நினைத்துக் கட்டினார்கள், குளிர்காலத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒன்று செய்யச் சொல்லுங்கள். இரவில் கதவடியில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். ஜன்னலுக்குத் தரை வரை தடித்த திரை. படிக்கிற மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன் மேல் கம்பளம், கால் தரையைத் தொடக் கூடாது. நம் ஊரில் பாட்டிகள் பாய்க்கு அடியில் சாக்கு விரித்தார்களே, அதே வேலை. கட்டில் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் உள்சுவர்ப் பக்கம் மாற்ற வேண்டும். துணியை அறைக்குள் காயப்போடக் கூடாது, அந்த ஈரம்தான் சுவரில் பூஞ்சணமாக வரும்.

ராணிப்பேட்டை நர்ஸ், இப்போது நியூசிலாந்தில்

கட்டடக்கார அண்ணா சொன்னதை நான் தினமும் வார்டில் பார்க்கிறேன். இங்கேயும் இதே கதை. 1978க்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கு இன்சுலேஷன் கட்டாயமில்லை. மூச்சுக்குழல் வீங்கி வருகிற குழந்தைகளைச் சரிசெய்து அனுப்பினால் மறுபடி அதே ஈர வீட்டுக்குத்தான் போகின்றன. பிறகு 2019ல் வாடகை வீடுகளுக்கு விதி கொண்டுவந்தார்கள், ஹாலை 18 டிகிரிக்குச் சூடாக்கக்கூடிய ஹீட்டர் வீட்டுக்காரர் வைக்க வேண்டும் என்று. அந்த 18 என்பது உலக சுகாதார நிறுவனமும் 2018ல் சொன்ன அளவு. முதியோர், குழந்தை, நோயாளி இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

ஐரோப்பாவில் 14 நாடுகளை எடுத்து 1988 முதல் 1997 வரை பார்த்த ஓர் ஆய்வை நாங்கள் படித்திருக்கிறோம். குளிர்காலத்தில் கூடுதலாக நடக்கிற சாவு எங்கே அதிகம் என்றால் பின்லாந்தில் இல்லை, போர்ச்சுகலில். பின்லாந்தில் 10 சதவீதம், போர்ச்சுகலில் 28. உறைகிற நாட்டில் வீட்டைச் சூடாகக் கட்டுகிறார்கள். இதமான நாட்டில் ஸ்வெட்டர் போட்டுச் சமாளி என்கிறார்கள், அதில் ஏழைகளும் வயதானவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விரல் வீங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. குளிரில் ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் ஏறி, நெஞ்சுவலி வருவது தெரிவதில்லை.

ஏலகிரி

ஒரே ஒரு விஷயம், தயவு செய்து எல்லோரும் படியுங்கள். குளிர் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். இங்கே மலையில் சுற்றுலா வருகிறவர்கள் அணைந்த மாதிரி இருக்கிற கரியை உள்ளே எடுத்துப் போவதைப் பார்த்து எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜவ்வாது மலைப் பக்கம் உறவினர் இருப்பவர்களும் சொல்லி வையுங்கள்.

சத்துவாச்சாரி அம்மா (ஜூலை 9)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பல்கலைக்கழக கிளினிக்கில் பார்த்தார்கள், சிஸ்டர் சொன்ன அதே பெயரைத்தான் சொன்னார்களாம். புண் ஆகவில்லை, ரத்தப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள்.

வீட்டு ஏஜென்டிடம் ஹீட்டர் பற்றிக் கேட்டதற்கு, குளிர்காலத்தில் குளிரத்தான் செய்யும், இன்னொரு ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாராம். ஹாலில் இருந்த ஹீட்டர் மே மாதத்திலிருந்து வேலை செய்யவில்லை. நாலு பெண்கள் இருக்கிறார்கள், கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரும் எழுதிக் கேட்கவே இல்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. இங்கே இருந்தபோது மின்விசிறி சத்தம் போட்டால்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்கிற பெண்.

ராணிப்பேட்டை நர்ஸ், இப்போது நியூசிலாந்தில்

அம்மா, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில், 2021 மார்ச் 29க்குப் பிறகு போட்ட வாடகை ஒப்பந்தம் என்றால், ஹாலில் நல்லபடி வேலை செய்கிற, சுவரோடு பொருத்திய ஹீட்டர் இருக்க வேண்டும். சட்டமே அப்படி. வாயால் கேட்காமல் நாலு பேரும் சேர்ந்து மின்னஞ்சல் எழுதட்டும், படத்தோடு, அறையின் வெப்பநிலையைத் தேதி போட்டு. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இலவசச் சட்ட உதவி இருக்கும், அதையும் கேட்கட்டும்.

அதுவரை மின்போர்வை ஒன்று வாங்கச் சொல்லுங்கள், மின்சாரம் கொஞ்சமாகத்தான் இழுக்கும். படுப்பதற்கு முன் போட்டு, படுத்ததும் அணைக்க வேண்டும். ஹாலில் ஏசி இருந்தால் அதிலேயே சூடுக்கான பட்டன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் ஏசி என்றால் குளிர்விக்க மட்டும்தான் என்று நினைத்துத் தொடுவதே இல்லை. கம்பிச்சுருள் ஹீட்டரைவிட அதே சூட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்தான் ஆகும்.

கம்மவான்பேட்டை

அக்கா, மகளுக்குக் கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி அனுப்புகிறேன், என் மகன் யூனிட்டிலிருந்து கொண்டுவந்தவை புதிதாக இருக்கின்றன. வேலூர் வரும்போது கொடுக்கிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

சத்துவாச்சாரி அம்மா (ஜூலை 21)

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. சுண்டுவிரல் வீக்கம் பாதி இறங்கிவிட்டது, நிறம் மட்டும் கறுப்பாக நிற்கிறது. கட்டிலை மாற்றிவிட்டாள், மேஜைக்கு அடியில் அட்டையும் கம்பளமும். மின்னஞ்சல் போட்டு எட்டாம் நாள் ஆள் வந்து ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார், புதிதாக மாட்டுகிறோம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ஏசியில் சூடு பட்டன் இல்லையாம். இன்று காலை அறையில் 13 என்று படம் அனுப்பினாள். கம்மவான்பேட்டை அண்ணா, சாக்ஸ் கிடைத்தது, இன்று பார்சலில் போட்டுவிட்டேன். திருவலம் தம்பி, அம்மாவின் பரிசோதனை முடிவு வந்ததா?